உயர்தரம் இரண்டாம் தடவை: இந்த நவம்பரிலேயே எழுதுவதா, அடுத்த வருடம் வரை பொறுப்பதா?

மண்டூர் மாணவி (ஜூன் 2025)

அனைவருக்கும் வணக்கம். நான் 2024ஆம் ஆண்டுக்கான க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் முதல் தடவையாகத் தோற்றினேன். கடந்த ஏப்ரல் இறுதியில் வெளியான பெறுபேற்றின்படி உயிரியலில் பி, இரசாயனவியலில் சி, பௌதிகவியலில் எஸ் (ஆகக் குறைந்த சித்தி) கிடைத்துள்ளன. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி 1ஐக்கூடத் தொடவில்லை. சிறு வயதிலிருந்து மருத்துவம் என்றே சொல்லி வளர்த்ததனால், பெறுபேறு வந்த அன்று வீட்டில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மாமா உடனே இரண்டாம் தடவை எழுது என்கிறார். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரோ, ஐந்து மாதத்தில் பௌதிகவியலை எஸ்ஸிலிருந்து தூக்குவது இலகுவான காரியமல்ல, ஆகவே இவ்வருடத்தை விட்டுவிட்டு 2026இல் நிதானமாக எழுதுவதே நல்லது என்கிறார். பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்துக்கு மாறினால் சுலபம் என்று வகுப்புத் தோழி சொல்கிறாள். அப்பா வேளாண்மை செய்பவர். பரீட்சை நவம்பர் 10ஆம் திகதி தொடங்கும் என்றால் அது பெரும்போக விதைப்பு முடிந்து வயலை விட்டு அசைய முடியாத காலம். என்னைக் கூட்டிக்கொண்டு அலைய அவரால் இயலாது. தனியார் வகுப்புக்குக் கல்முனைக்கோ மட்டக்களப்பு நகருக்கோ போய்வருவதும், மாலை இருட்டிய பின்னர் யானைக்குப் பயந்து இந்தப் பக்கம் திரும்பி வருவதும் எப்படியென்று வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என்னுடைய கேள்விகள் இவைதான். இந்த நவம்பரில் எழுதுவதா, அடுத்த வருடமா? இருக்கிற பெறுபேற்றை வைத்து இப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் இரண்டாம் தடவை எழுதுவதற்கு அது தடையாகுமா? பாடத்தை மாற்றுவது புத்தியா?


கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்

மகள், நீங்கள் மூன்று கேள்விகளை ஒரே முடிச்சாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். முதலில் விண்ணப்பத்தைத் தனியாகப் பிரித்துவிடுவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இப்போதைய பெறுபேற்றுடன் விண்ணப்பிப்பதனால் உங்களுடைய பரீட்சை வாய்ப்பு எதுவும் குறைவதில்லை. மூன்று பிரதான பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியும், உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் ஆகக் குறைந்தது 30 புள்ளிகளும் இருந்தால் விண்ணப்பிக்கும் தகுதி உண்டு. உங்களுக்கு மூன்று சித்தியும் இருக்கின்றது. ஆகவே ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை வாங்கி, குறித்த திகதிக்குள் விண்ணப்பத்தை அனுப்புங்கள். வெட்டுப்புள்ளிகள் (ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளிகள்) வெளியாகும் முன்னரே அடுத்த உயர்தரப் பரீட்சைக்கான விண்ணப்பத் திகதி முடிந்துவிடுவதுதான் கடந்த சில வருடங்களின் வழக்கம். வெட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டையும் கைநழுவ விடுவது இதனால்தான். இரண்டு விண்ணப்பங்களையும் போட்டுவிட்டு, எதைப் பிடிப்பது என்பதைப் பின்னர் தீர்மானியுங்கள்.

இனி, எழுதுவது எப்போது என்ற கேள்வி. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுக்கப்படும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் அந்த மூன்றையும் கையில் இருக்கிற சில்லறைக் காசு போல எண்ணி, ஒன்றைச் சும்மா செலவழித்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களே அதிகம். இரண்டாம் தடவையில் மூன்று பாடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். முதல் தடவையின் உயிரியல் பி சித்தியையும் இரண்டாம் தடவையின் பௌதிகவியல் சித்தியையும் ஒட்ட வைக்க முடியாது. ஐந்து மாதமும் பௌதிகவியலையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்து உயிரியல் சியாக இறங்கிய பிள்ளைகளை வருடந்தோறும் காண்கிறேன்.

இசட் புள்ளியை வீட்டில் ஒருவருக்கும் சரியாக விளங்கவில்லை என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் உங்கள் மாமா சொல்லும் 'கொஞ்சம் கூடப் படித்தால் போதும்' என்ற பேச்சு அதைத்தான் காட்டுகிறது. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்கு அவ்வருடம் தோற்றிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுத்தால் கிடைப்பது அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடங்களினதும் சராசரிதான் உங்கள் பெறுபேற்றுத் தாளில் இருப்பது. விளக்கத்துக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். பௌதிகவியலில் நாடளாவிய சராசரி 38, நியம விலகல் 16 என்றும், நீங்கள் பெற்றது சரியாக 38 என்றும் வைத்துக்கொண்டால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி பூச்சியம். அதே பாடத்தில் 62 எடுத்தால் 1.5. மூன்றால் வகுக்கும்போது மொத்தத்தில் கூடுவது 0.5 மாத்திரமே. அதாவது மற்ற இரண்டும் அப்படியே நின்றாலும், பௌதிகவியலில் 24 புள்ளிகள் ஏறியும், இறுதித் தொகை அரை அலகுதான் நகர்கிறது. மருத்துவத்துக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை ஆணைக்குழு வெளியிடும் கடந்த வருடங்களின் வெட்டுப்புள்ளி அட்டவணையில், மட்டக்களப்பு மாவட்டத்துக்கு நேரே பார்த்து, இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தூரம் ஒரு பாடத்தால் கடக்கக் கூடியதா, மூன்று பாடங்களும் சேர்ந்து எழும்ப வேண்டியதா என்பது அப்போது தெரியும். இந்தக் கணக்கைத் தந்தையாரின் முன்னால் இருந்து, கடதாசியில் எழுதிச் செய்யுங்கள்.

அடுத்து, புள்ளிகள் எங்கே போயின என்பது. பரீட்சைத் திணைக்களம் உங்களுக்குச் சித்தித் தரத்தையும் இசட் புள்ளியையும் மாவட்ட, அகில இலங்கை நிலைகளையும் தருகின்றதே தவிர, பாடவாரியான புள்ளியைத் தருவதில்லை. எனவே நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 2024 வினாத்தாளை எடுத்து, அன்று நீங்கள் எழுதிய விடைகளை நினைவிலிருந்து திரும்ப எழுதி, திணைக்களம் வெளியிடும் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடுங்கள். திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளும் இருக்கின்றன. எந்த வினாவை எவ்வளவு பேர் தெரிவுசெய்தார்கள், எங்கே பொதுவாகத் தவறினார்கள் என்பதை அவற்றில் காணலாம். அவற்றை ஆசிரியர்களே வாங்கிப் படிப்பது குறைவு என்பது வேறு கதை.

பௌதிகவியலில் எஸ் எடுத்த பிள்ளைகளின் தாள்களில் நான் வழமையாகக் காண்பது இரண்டு வகை. ஒரு வகையினருக்கு அலகே தெரியாது: சடப்பொருளும் கதிர்ப்பும் வரும் கடைசி அலகையும், இலத்திரனியலையும் வகுப்பில் முடிக்காமலே பரீட்சைக்குப் போனவர்கள். மற்ற வகையினருக்குப் பாடம் தெரியும், நேரம் போதாது. முதலாம் பத்திரத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். வினாவொன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. பத்தாவது வினாவிலேயே ஐந்து நிமிடம் தங்கிவிட்டால், நாற்பதுக்கு மேலுள்ள இலகுவான வினாக்கள் பார்க்கப்படாமலே போய்விடும். இரண்டாம் பத்திரத்தில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டாயம், கட்டுரையில் ஆறில் நான்கு. அமைப்புக் கட்டுரை வினாக்கள் பெரும்பாலும் ஆய்வுகூடச் செய்முறையை ஒட்டியவை. செய்முறையைக் கரும்பலகையில் மாத்திரம் பார்த்த பிள்ளை அங்கேயே புள்ளியை இழக்கின்றது.

நீங்கள் இரண்டாம் வகையென்றால் இந்த நவம்பரில் எழுதுங்கள். ஐந்து மாதம் போதும், ஒரு வருடம் காத்திருந்தால் உயிரியல்தான் மறந்துபோகும். முதல் வகையென்றால், எத்தனை அலகுகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு அலகென்றால் ஆகஸ்டுக்குள் முடிக்கலாம். பாதிப் பாடத்திட்டமே என்றால் உங்கள் ஆசிரியை சொன்னதுதான் சரி. ஆகஸ்ட் நடுப்பகுதியில் இதுவரை பார்க்காத பழைய வினாத்தாள் ஒன்றை, மூன்று பாடத்திலும், கடிகாரத்தை வைத்து முழுமையாக எழுதிப் பாருங்கள். அந்தத் தாள் சொல்வதை மாமா சொல்வதற்கு மேலாக நம்பலாம்.

பாடத்தை மாற்றுவது பற்றி ஒரு வரி. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்றும் வேண்டும். விவசாய விஞ்ஞானத்துக்கு மாறும் அன்றே அந்தக் கதவு மூடிவிடும். விவசாய பீடம்தான் இலக்கு என்றால் மாறலாம், ஆனால் அதற்கு உங்களுடைய இப்போதைய பெறுபேறே போதுமாக இருக்கவும் கூடும்.


வந்தாறுமூலை, விவசாய பீடம்

தங்கச்சி, சேர் சொன்ன கணக்கு சரியானது, ஆனால் அவருடைய பதில் முழுவதும் மருத்துவம் என்ற ஒற்றைப் புள்ளியை மையமாக வைத்துச் சுழல்வதை நான் ஏற்கவில்லை. உயிரியல் பிரிவில் பி, சி, எஸ் எடுத்த ஒருவருக்கு முன்னால் இருப்பது மருத்துவமும் வெறுமையும் அல்ல. விவசாயம், தாதியியல், உயிரியல் விஞ்ஞானம், திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவம் என்று கைநூலைப் புரட்டினால் பக்கம் பக்கமாக இருக்கின்றது. எங்கள் ஊரில் பலர் கைநூலைக் கடைசி நாளில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் முதன்முறையாகத் திறக்கிறார்கள். சிலர் அதையும் தொடர்பாடல் நிலையத்தில் இருக்கும் பையனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர் தட்டச்சு செய்யும் வரிசைதான் பிள்ளையின் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கிறது என்பது எவருக்கும் உறைப்பதில்லை.

அனுமதி முறையையும் சற்று விளங்கிக்கொள்ளுங்கள். கலைப் பிரிவின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை அடிப்படை. உங்கள் பிரிவு போன்றவற்றில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையெனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். ஆகவே கொழும்பிலிருக்கும் உறவினர் ஒருவர் 'இந்தப் புள்ளிக்கு ஒன்றும் கிடைக்காது' என்று தொலைபேசியில் சொன்னால், அவர் பார்த்தது எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி என்று கேளுங்கள்.

விருப்ப வரிசையை உண்மையான விருப்பப்படியே நிரப்புங்கள். கிடைக்காதென்று நினைத்து மேலே போட வேண்டியதைக் கீழே போடுவதும், பக்கத்துப் பல்கலைக்கழகம் என்பதற்காகப் பிடிக்காத கற்கைநெறியை மேலே போடுவதும் பின்னர் திருத்த முடியாதவை. முதலில் எதற்குத் தகுதி பெறுகிறீர்களோ அதுதான் தரப்படும். கீழே எழுதியது நன்றாக இருந்தது என்று பிறகு சொல்லிப் பயனில்லை. கிடைத்தால் போகவே மாட்டேன் என்று நினைப்பதை எழுதவே எழுதாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அனுமதி கிடைத்து, பதிவு செய்து, உள்வாரி மாணவியாக இருந்துகொண்டே இரண்டாம் தடவைப் பெறுபேற்றைக் காட்டி வேறு பீடத்துக்கு மாறிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவு செய்தவர்கள் மீண்டும் அனுமதி கேட்பதற்குக் கைநூலில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. பதிவுக் கடிதம் கையில் வரும் நாளில் அந்தப் பகுதியை இருமுறை வாசித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

என்னைக் கேட்டால், கிடைப்பது உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால் வந்துவிடுங்கள். எங்கள் பீடத்தில் மருத்துவத்துக்காக மூன்று தடவையும் எழுதி முடித்துவிட்டு வந்தவர்களும், முதல் தடவையிலேயே வந்தவர்களும் ஒரே விரிவுரை மண்டபத்தில்தான் இருக்கிறோம்.


கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்

தம்பி சொன்ன வரிசை விடயத்தில் எனக்கு மறுப்பில்லை. மூன்று தடவை எழுதியவர்களைப் பற்றிச் சொன்னதில்தான் ஒரு திருத்தம்: நீங்கள் காண்பது வந்து சேர்ந்தவர்களை, இரண்டாம் தடவையில் மருத்துவத்துக்குப் போனவர்கள் உங்கள் மண்டபத்தில் இருக்க மாட்டார்கள் அல்லவா? இரண்டாம் தடவையில் தரம் உயர்வது அபூர்வமான சங்கதி அல்ல. ஆனால் உயர்ந்தவர்கள் யாவரும் முதல் தடவையில் எங்கே விட்டோம் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தவர்கள்.


திருக்கோவில் தந்தை

இங்கே ஒரு துணைக் கேள்வியைக் கேட்க அனுமதியுங்கள். என் மகன் இவ்வருடம் சாதாரண தரம் எழுதியவர். நாங்கள் அம்பாறை மாவட்டம். உயர்தரத்துக்கு அவரை மட்டக்களப்பு நகரத்தில் உள்ள ஒரு பாடசாலையில் சேர்த்து விடுதியில் விடலாமா என்று யோசிக்கிறோம். கல்முனையில் தனியார் வகுப்புக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்று மனைவி சொல்கிறார். இதனால் மாவட்டம் மாறுமா?


கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்

தனியார் வகுப்பு எந்த ஊரில் என்பது கணக்கில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்கள் எந்தப் பாடசாலையில் கற்றார் என்பதுதான் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் அடிப்படை. உயர்தரக் கல்வி அந்த மூன்று வருடத்தை முழுமையாக நிரப்பாது. ஆகவே சாதாரண தரத்துக்குப் பின்னர் மாவட்டம் மாறினால் பழைய பாடசாலையும் அந்தக் கணக்குக்குள் விழும். எங்கள் பக்கத்தில் எல்லை என்பது ஒரு பேருந்துத் தரிப்பிடத் தூரம். பெரியநீலாவணையில் ஒரு பக்கம் அம்பாறை, அதைத் தாண்டினால் மட்டக்களப்பு. பாடசாலை விடுகைப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்னர் கைநூலின் அந்தப் பிரிவை அதிபரோடு சேர்ந்து வாசியுங்கள். இரண்டு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிகளும் வருடத்துக்கு வருடம் முன்பின் மாறுபவை என்பதனால், குறைவாக வரும் என்று ஊகித்துப் பிள்ளையை இடம் மாற்றுவதில் அர்த்தமில்லை. நல்ல இரசாயனவியல் ஆசிரியர் இருக்கிறார் என்பதற்காக மாற்றினால், அது வேறு.


ஓட்டமாவடி

சும்மா ஒரு முறை எழுதிப் பார்க்கட்டுமே, அனுபவமாவது கிடைக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.


கல்முனைப் பௌதிகவியல் ஆசிரியர்

அனுபவத்துக்கு மாதிரிப் பரீட்சை இருக்கின்றது. அதற்காக மூன்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமா? எழுதுவதென்றால் ஆயத்தத்தோடு எழுதட்டும், இல்லையென்றால் விடட்டும். ஆனால் ஒரு வருடத்தை விடுவதும் இலவசமல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். 2011இல் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் ஒரே வருடத்தில் பரீட்சை நடந்து, இசட் புள்ளிக் கணிப்புப் பெரும் சர்ச்சையாகி, 2012இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னர் மீளக் கணிக்க வேண்டி வந்தது. அன்று பாதிக்கப்பட்டவர்களில், முந்திய வருடம் எழுதாமல் தள்ளிப்போட்டிருந்த என் மாணவர்களும் இருந்தார்கள். பரீட்சைக் காலமும் ஓரிடத்தில் நிற்பதில்லை: ஒரு காலத்தில் ஆகஸ்ட், தொற்றுக் காலத்தின் பின்னர் 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022 பெப்ரவரியில், 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 ஜனவரியில், 2024ஆம் ஆண்டுக்குரியது நவம்பரில். இப்படி முன்னோக்கி வந்துகொண்டிருப்பதனால் இரண்டு பரீட்சைகளுக்கிடையே முழுமையாக ஒரு வருடம் கிடைப்பதில்லை. அடுத்த வருடத் திகதியை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.


மண்டூர் மாணவி

பதில் தந்த எல்லோருக்கும் மிகுந்த நன்றி. சேர் சொன்னபடி 2024 பௌதிகவியல் தாளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். இலத்திரனியலும் கடைசி அலகும் எனக்குத் தெரியவில்லை. அவற்றைப் பாடசாலையில் முடிக்கவில்லை. மற்றவை தெரியும், ஆனால் முதலாம் பத்திரத்தில் பத்துக்கு மேற்பட்ட வினாக்களுக்குக் கடைசி நிமிடத்தில் ஊகித்தே விடை இட்டேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே இரண்டு வகையிலும் கொஞ்சம் இருக்கிறேன். இந்த நவம்பரில் எழுதுவதென்றும், விண்ணப்பத்தில் விவசாயத்தையும் தாதியியலையும் நான் விரும்பும் வரிசையிலேயே போடுவதென்றும் அப்பாவோடு பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஆகஸ்ட் தாள் மிக மோசமாக வந்தால் மட்டும் திரும்பவும் யோசிக்கலாம் என்று அம்மா சொல்கிறார். மாமாவுக்கு விவசாயம் என்ற சொல் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அதில் சிரிப்பு.

இனி நடைமுறைக் கேள்வி. பாடசாலையூடாகவா, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவா விண்ணப்பிப்பது நல்லது? பரீட்சை மழைக் காலத்தில் வருவதனால் மண்டூரிலிருந்து எப்படிப் போய்வருவது? கடந்த தடவை இடைநடுவில் பரீட்சை நிறுத்தப்பட்ட அந்த நாட்களில் மனம் மிகவும் குழம்பிவிட்டது.


ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், களுவாஞ்சிக்குடி

பல வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்தவன் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பாடசாலையூடாக விண்ணப்பித்தால் விண்ணப்பத்தை அதிபர் இணையத்தில் பூர்த்தி செய்வார், அனுமதி அட்டையும் அவருக்கே வரும், அலைச்சல் குறைவு. ஆனால் பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 சதவீத வரவு என்ற நிபந்தனை இருப்பதனால், இரண்டாம் தடவை எழுதுபவர்களை எப்படி ஏற்பது என்பதை உங்கள் அதிபரிடம் இந்த வாரமே கேளுங்கள். அது சரிவராவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அப்போது பாட இலக்கங்கள், மொழிமூலம், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகிய மூன்றையும் அனுப்புவதற்கு முன்னர் இன்னொருவரைக் கொண்டு உரக்க வாசிப்பித்துச் சரிபாருங்கள். நான் மண்டபத்தில் கண்ட கண்ணீரில் பாதி இந்த மூன்றில் ஒன்றால் வந்தது. பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் பிரதியையும் கட்டணப் பற்றுச்சீட்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை நகரத்தைக் கேட்கும் இடத்தில் மட்டக்களப்பு என்று பழக்கத்தில் எழுதிவிடாமல் களுவாஞ்சிக்குடியை எழுதுங்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி வருவது நல்ல காலத்தில் கிட்டிய வழிதான். ஆனால் நவம்பர் நடுப்பகுதிக்குப் பின்னர் வாவியில் காற்று எழும்பினால் பாதை நின்றுவிடும். தரை வழியாக வெள்ளாவெளி, பெரியபோரதீவு, பட்டிருப்புப் பாலம் என்று சுற்றி வரலாம் என்றாலும், கன மழைக்கு வெள்ளாவெளி வீதியிலேயே தண்ணீர் ஏறிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். காலை எட்டரைக்குத் தொடங்கும் தாளுக்கு இரண்டு வழியையும் நம்பி வீட்டிலிருந்து புறப்படக் கூடாது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் உறவினர் வீடொன்று இருந்தால் பரீட்சை தொடங்குவதற்கு முன்னைய வாரத்திலேயே புத்தகங்களோடு வந்துவிடுங்கள். அப்பா வயலில் நிற்கலாம். அம்மா ஒரு தடவை வந்து பார்த்துப் போனால் போதும்.

சென்ற வருடம் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை மழையால் நின்று, டிசம்பர் 4ஆம் திகதி திரும்பவும் தொடங்கியது. அப்படி நிறுத்தப்படும்போது திணைக்களம் புதிய நேரசூசியை வெளியிடும். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றும் படங்களை நம்பாமல் திணைக்களத்தின் இணையத்தளத்தை மட்டும் பாருங்கள். நிறுத்தம் நேர்ந்தால் ஊருக்கு ஓடாமல் அதே வீட்டில் இருங்கள், ஏனென்றால் திரும்பி வருவதற்கு வீதி திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எழுதி முடித்த தாளின் விடைகளை அந்த நாட்களில் ஒப்பிட்டுப் பார்ப்பதையும் தவிருங்கள். சென்ற வருடம் உங்கள் மனம் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே தனியார் வகுப்புகளும் கருத்தரங்குகளும் தடைசெய்யப்படும் என்பதனால், கடைசி வாரத்துக்கென்று வகுப்பு எதையும் நம்பி வைத்திருக்காதீர்கள்.


மண்டூர் மாணவி

மிக்க நன்றி ஐயா. சித்தியின் வீடு களுவாஞ்சிக்குடியில் இருக்கிறது, அங்கே தங்குவேன். அனுமதி அட்டை தபாலில் வருவதற்குச் சித்தியின் முகவரியைக் கொடுக்கலாமா?


ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், களுவாஞ்சிக்குடி

வேண்டாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எந்த நிரந்தர முகவரியைக் கொடுத்தீர்களோ அதையே இங்கும் கொடுங்கள். இரண்டு ஆவணத்தில் இரண்டு முகவரி இருந்தால் பின்னர் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோடு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும். மண்டூர்த் தபாலகத்தில் உங்கள் பெயரைச் சொல்லி வைத்துவிட்டு, அட்டை வந்ததும் அதிலுள்ள பெயரையும் பாடங்களையும் சரிபார்த்து, கையொப்பத்தை உரியவரைக் கொண்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பரீட்சையன்று காலையில் உறுதிப்படுத்தாத அட்டையோடு வாசலில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அட்டையில் பிழை கண்டால் அன்றே திணைக்களத்துக்கு அறிவியுங்கள், பரீட்சை நெருங்கும் வரை வைத்திருக்க வேண்டாம்.